பெயரட்டையில் தொலைந்த ஐயனார்

ஓர் இனத்தைத் தன்னை மறக்கச் செய்வதற்குப் படையும் சிறையும் வேண்டுவதில்லை. அவ்வினத்தான் முன்னோர் செய்த பொருளை அவன் கண்முன்னரே கண்ணாடிப் பேழையுள் வைத்து, அதன்கீழ் வேற்றுப் பெயர் ஒன்றை எழுதி ஒட்டிவிட்டாற் போதும். அவன் அதனை வியந்து பார்ப்பான். ‘யாரோ செய்தது’ என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புவான். தமிழகத்து அருங்காட்சியகங்கள் பலவற்றில் இன்றும் நடந்து வருவது இதுவே.

அருங்காட்சியகம் என்னும் சொல்லை நாம் நல்ல தமிழில் ஆக்கிக்கொண்டோம். வாயிற் பலகையில் அச்சொல் பெரிய எழுத்தில் நிற்கின்றது. உள்ளே புகுந்தாலோ, மேல்வரியில் ஆங்கிலம். கீழ்வரியில் தமிழெழுத்தில் வடமொழி. தமிழெழுத்தில் எழுதியனவெல்லாம் தமிழே என்று நம்பும் ஏமாளித்தனம் நம் அலுவலர்க்கு எங்கிருந்து வந்ததோ அறியோம்!

கடந்த விடைத் திங்களில் (வைகாசி), கோடை விடுமுறையின்போது, ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திருவரை இருநாட் சுற்றுச்செலவாக அழைத்துச் சென்றேன். முதல்நாள், எம் இராசபாளையத்திற்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள ஐயனார் கோவில். மறுநாள், பேருந்தேறி ஒரு நகரத்து அருங்காட்சியகம். அதன் பெயரை ஈண்டுக் குறிக்கேன். ஒன்றைச் சுட்டினால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

ஐயனார் கோவிலைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். அங்குள்ள தெய்வத்தின் பெயர் நீர்காத்த ஐயனார். மாரிக்காலத்தில் மலையினின்று வெள்ளம் திடுமென இறங்கி, கோயிலுக்குப் போனவர் அக்கரையிலேயே சிக்கிக்கொள்ளுதலும் உண்டு. கோடையிலோ பாறைகளுக்கிடையே நீர் மெல்லிய நூலாய் ஓடிக்கொண்டிருக்கும். கத்திரி வெயிலில் நடந்து வந்த பிள்ளைகள் அந்நூல்நீரில் கால் நனைத்தவுடன், ‘நீர்காத்த’ என்னும் அடைமொழியின் பொருள் அவர்களுக்கு விளங்கிவிட்டது. அவர்கள் ஊரில் குடிக்கும் நீரில் ஒரு பங்கு அம்மலையினின்று வருவது. அந்நீரைக் காப்பவர் அங்கே அமர்ந்திருக்கின்றார். இதற்கு எந்தப் பெயரட்டையும் வேண்டியதில்லை. பெயரே உரையாய் நின்றது.

மறுநாள் அருங்காட்சியகத்தின் கற்படிமக் கூடத்தில் ஒரு திருவுருவின் முன் சிறுமி ஒருத்தி நின்றுவிட்டாள். ஒருகால் மடக்கி ஒருகால் தொங்கவிட்டு, கையில் செண்டு ஏந்தி அமர்ந்த கோலம். “ஐயா, எங்க ஊர்க் கண்மாய்க்கரை ஐயனாரும் இப்படித்தான்யா உட்கார்ந்திருப்பாரு. இது வேற சாமியா?” என்று கேட்டாள். பெயரட்டையைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு சொல். அதன்கீழ் அதே சொல் கிரந்த எழுத்துக் கலந்து ‘சாசுதா’ என்று. ஐயனார் என்னும் பெயர் மேலும் இல்லை, கீழும் இல்லை. தன் ஊர்த் தெய்வத்தைக் கண்ணால் அடையாளங் கண்டுகொண்ட சிறுமியை, அரசு எழுதி வைத்த அட்டை ‘இல்லை, இது வேறு’ என்று மறுத்துவிட்டது! கண்டது அவள் கண், பிழைத்தது அட்டை. ஆயினும் பன்னிரண்டு அகவைப் பிள்ளை எதை நம்பும்? அச்சடித்ததைத்தான் நம்பும்.

சாத்தன் என்னும் பெயர் தமிழர் நாவில் ஈராயிரம் ஆண்டுகளாகப் பயின்று வருவது. மணிமேகலை பாடிய புலவர் பெயரே சாத்தனார். ஐயன் என்பதோ தலைவனையும் தந்தையையும் ஆசானையும் ஒருங்கே குறிக்கும் உயரிய சொல். இவ்விரண்டும் இருக்க, ஏரிக்கரைதோறும் மண்குதிரை சூழ வீற்றிருக்கும் நம் காவல் தெய்வத்திற்கு மூன்றாவதாக ஓர் இரவற் பெயர் எதற்கு? அம்மலைக் காட்டில் வாழும் சாம்பல்நிற அணிலுக்கு 1988ஆம் ஆண்டிலேயே அரசு ஒரு புகலிடம் அமைத்துக் கொடுத்தது. 2021இல் அக்காடு புலிகள் காப்பகமும் ஆயிற்று. மகிழ்ச்சியே. ஐயனாரின் பெயருக்குத்தான் இன்னும் ஒரு புகலிடம் வாய்க்கவில்லை.

அடுத்த கூடத்தில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. உடைந்த மண்குதிரைத் தலை ஒன்றும் சில பாவைகளும் பேழையுள் இருந்தன. அட்டையில் ‘டெரகோட்டா’ என்று எழுதியிருந்தது. இச்சொல் இத்தாலி நாட்டது. அம்மொழியில் அதற்குச் ‘சுட்ட மண்’ என்றே பொருள். இத்தாலியன் தன் மொழியில் சுட்டமண் என்றான். ஆங்கிலேயன் அதனை இரவல் வாங்கினான். நாம் ஆங்கிலேயனிடம் இரவல் வாங்கினோம். சுடுமண் என்னும் சொல் நம் வீட்டுக் கூரைமேலேயே ஓடாய்க் கிடக்கின்றது, எடுத்தாள்வார்தாம் இலர்.

எம் பிள்ளைகளுள் ஒருவனுடைய பாட்டனார் இன்றும் சக்கரம் சுற்றுகின்றவர். சூளை அவன் வீட்டுப் பின்புறத்திலேயே உள்ளது. அவன் அட்டையைப் படித்தான். ஒன்றும் பேசாமல் அடுத்த பேழைக்கு நகர்ந்தான். ‘தம்பி, இது என்ன தெரிகிறதா? உன் தாத்தா செய்வதுதானே?’ என்று நான் அவனைத் திருப்பி நிறுத்திய பின்னரே, அவன் முகத்தில் ஓர் ஒளி வந்தது. பின்னர் அவனே மற்றப் பிள்ளைகளுக்கு ஆசிரியனானான். களிமண்ணோடு மணலும் உமியும் ஏன் கலக்கவேண்டும், குதிரையின் காலை உள்ளீடற்ற குழலாக ஏன் வனையவேண்டும், நன்றாக உலராமல் சூளையில் அடுக்கினால் எப்படி வெடித்துப் போகும், இவற்றையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல, காட்சியகக் காவலரும் அருகில் வந்து நின்று கேட்டார். அக்கூடத்தில் அப்பொருளைப் பற்றி முழுதும் அறிந்தவன் அவன் ஒருவனே. அவனுக்கு விளங்கும்படியாக ஒரு சொல்கூட அங்கு எழுதப்படவில்லை. கைவினையும் கைவினைஞன் மொழியும் ஒன்றையொன்று அறியாவாறு இடையில் ஒரு கண்ணாடி. அக்கண்ணாடிக்கு நம் வரிப்பணம்!

இனிச் செப்புத் திருமேனிகள். உலகம் முழுதும் போற்றும் ஆடற்கோலத் திருவுருவத்தின்கீழ் ‘நடராசர், வெண்கலம்’ என்று எழுதுகின்றனர். 1010ஆம் ஆண்டில் தஞ்சைப் பெருங்கோயிலை எடுத்து முடித்த இராசராசன், அதே திருவுருவிற்கு வழங்கிய பெயர் ஆடவல்லான். அக்கோயிலில் பொன் நிறுத்த கல்லுக்கும் நெல் அளந்த மரக்காலுக்கும்கூட ‘ஆடவல்லான்’ என்றே பெயரிட்டனர். வார்த்த படிமங்களைச் செப்புத் திருமேனி என்று குறித்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் முழத்தாலும் விரலாலும் அளந்து கல்லில் வெட்டி வைத்தனர். அக்கல்வெட்டுகளைப் படித்து 1891 முதல் அச்சிட்டு வெளியிட்டவர் ஊல்சு என்னும் செருமானியர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் எழுதிய பெயரட்டை அது! அயல்நாட்டார் ஒருவர் அதைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தும், எழுதிப் போட நமக்கு மனமில்லை.

அக்கல்வெட்டுகளிலும் வடசொற்கள் விரவியுள்ளனவே என்பார் உளர். உள, யாம் மறுத்திலம். ஆனால் கல்வெட்டில் வடசொல்லும் உண்டு, தமிழ்ச்சொல்லும் உண்டு. அட்டை எழுதுவோர் கைக்கு மட்டும் வடசொல்லே அகப்படுவது எவ்வாறு? கூத்தனும் ஆடவல்லானும் திருமேனியும் அவர்தம் கண்ணுக்குப் படாமற் போவது எவ்வாறு?

‘வெளிநாட்டார் வருகின்றனர், அவர்க்கு ஆங்கிலம் வேண்டாவா?’ என்பது அடுத்த வழக்குரை. வேண்டும், ஆங்கிலத்தை அழிக்கச் சொல்லவில்லை. வந்து போகும் விருந்தினர்க்கு ஒரு வரி, வீட்டுக்குரியவனுக்கு முதல் வரி என்றே கேட்கின்றோம். பிரித்தானியத் தீவிலுள்ள வேல்சு நாட்டைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வேல்சு மொழி பேசுவோர் அந்நாட்டில் ஏறத்தாழ ஐந்து இலக்கத்து முப்பத்தெட்டாயிரவர். நூற்றுக்குப் பதினெண்மர்கூட இல்லை. அங்குள்ளாருள் ஏறத்தாழ அனைவர்க்கும் ஆங்கிலம் தெரியும். ஆயினும் அந்நாட்டு அருங்காட்சியகங்களில் வேல்சு மொழியும் ஆங்கிலமும் ஒத்த இடம் பெற்று நிற்கின்றன. 2011 கணக்கின்படி ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தமிழ்நாட்டில், தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956இல் நிறைவேறிய நாட்டில், தமிழுக்கு அட்டையில் இடமில்லையாம்!

‘கலைச்சொற்களைத் தமிழாக்கினால் மக்களுக்கு விளங்காது’ என்பதும் ஒன்று சொல்வர். இதனைவிட நகைப்பிற்குரியது வேறில்லை. முதுமக்கள் தாழி என்றால் எம் வட்டாரத்து உழவர் எவர்க்கும் விளங்கும். ஏர் முனை தட்டி அவர்தாமே அவற்றைக் கண்டெடுக்கின்றனர்! தாழி என்னும் சொல் புறநானூற்றிலேயே உள்ளது. அதனை ஆங்கிலத்தில் சொல்லி, அவ்வாங்கிலத்தை மீண்டும் ‘ஈமப் பேழை’ என்று மொழிபெயர்த்து, உள்ள சொல்லைக் கொன்று இல்லாத சொல்லைப் படைக்கும் இந்த வேலை யாருக்காக?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் கும்பினி ஆட்சியில் தொடங்கப்பெற்றது. ஆள்வோர் மொழியில் அன்று பெயர் எழுதினர், அதில் வியப்பில்லை. பொருநையாற்றங்கரை ஆதிச்சநல்லூரில் 1876இல் அகழ்ந்த யாகோர் என்னும் செருமானியர் தாம் எடுத்தவற்றைப் பெர்லினுக்கே கொண்டுபோய்விட்டார். பின்னர் 1899 தொடங்கி அலெக்சாந்தர் இரீ என்பார் எடுத்த தாழிகளும் பொற்பட்டங்களும் இரும்புக் கருவிகளும் சென்னைக்குச் சென்றன. அவர்களை நோவதற்கில்லை. அவர்கள் போய் முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அவர்கள் வழக்கத்தைக் கைவிடாதாரையே நொந்துகொள்கின்றோம்.

முடியாதது ஒன்றைக் கேட்கின்றோமோ எனின், அன்று. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று பாருங்கள். வைகைக்கரை மக்களின் பானையும் மணியும் விளையாட்டுச் சில்லும் அங்கே தமிழில் பேசுகின்றன. பானையோட்டில் கீறிய ‘ஆதன்’ என்னும் பெயரைக் கண்ட பிள்ளைகள், தம்முடன் படிப்பவன் பெயரைக் கண்டாற்போல் மகிழ்கின்றனர். எம் ஊருக்குக் கிழக்கே வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழ்வில் சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றை நிலையாகக் காட்சிக்கு வைக்கும்போதாவது சங்கறுத்தவன் மொழியிலேயே அவற்றுக்குப் பெயர் எழுதுவார்களா?

பெயரட்டையில் ஊர்ப்பெயர் எழுதாமையும் பெருங்குறையே. சில பேழைகளில் ‘தென்னிந்தியா, 11ஆம் நூற்றாண்டு’ என்பதோடு நின்றுவிடுகின்றனர். தென்னிந்தியா என்று ஓர் ஊர் உண்டா? அங்கு எந்தக் கொல்லன் இருந்தான்? 1976இல் பத்தூர் மண்ணுள் கிடைத்துக் கள்ளத்தனமாக இலண்டன் சென்ற ஆடவல்லான், பத்தூர்க் கோயிலுக்குரியவர் என்று வழக்காடியே 1991இல் மீண்டார். திருப்புரந்தானில் களவுபோய் ஆத்திரேலியத் தலைநகர்க் கலைக்கூடத்தில் நின்ற ஆடவல்லான் 2014இல் திரும்பியதும், இன்ன ஊர்க் கோயிலின் திருமேனி என்று பழைய ஒளிப்படத்தால் மெய்ப்பிக்கப்பட்டதால்தான். ஊர்ப்பெயர் இழந்த திருமேனியை மீட்க எவராலும் இயலாது. களவாணிகள் முதலில் அழிப்பது ஊர்ப்பெயரைத்தான். காட்சியகத்தாரும் அவ்வேலையையே செய்யலாமா?

தமிழாசிரியன்மார்க்கு ஒரு சொல். கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வெயிலைச் சொல்லி வீட்டில் இருந்துவிடாதீர்கள், கூடத்தினுள் நிழல்தான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளும் கரிக்கோலும் கொடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் தம் வீட்டில் வழங்கும் பெயரை எழுதச் சொல்லுங்கள். எம் பிள்ளைகள் இருபத்திருவரும் ஒரு முற்பகலில் அறுபத்து நான்கு சொற்கள் எழுதினர். செண்டு, தண்டை, காறை, குத்துவிளக்கு, தூக்குச்சட்டி, திரிகை, மத்து, கவண்கல், அரிவாள்மணை என்று நீளும் அப்பட்டியலில், அட்டையில் இருந்தவை ஏழே சொற்கள்.

அப்பட்டியலை இரண்டு படிகளாக எழுதி, ஒன்றை அக்காட்சியகத்தின் காப்பாட்சியர்க்குப் பதிவஞ்சலில் விடுத்துள்ளேன். மற்றொன்று பள்ளிச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. ஒவ்வொரு மாவட்டத்திலும் தமிழ்மன்றத்தார் தத்தம் ஊர்க் காட்சியகத்திற்கு ஒரு நாள் சென்று, அட்டைகளைப் படியெடுத்து, எதிரே உரிய தமிழ்ப்பெயரை எழுதி, கையொப்பமிட்டு நேரிற் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். பெற்றுக்கொண்டமைக்கு முத்திரையிட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். அடுத்த கோடைக்குள் அட்டை மாறவில்லையாயின், அதே பிள்ளைகளோடு அதே வாயிலில் மீண்டும் நிற்போம்.