பாலை பழுக்கும் காலம்



சோளகக் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் வன்னிப் பக்கத்தில் எங்கும் புழுதிதான். குளம் வற்றும், கிணற்றில் கயிறு நீளும், முற்றத்துப் பூக்கன்றுகள் வாடும். கோடை என்றதும் நாம் முகஞ் சுளிக்கிறோம். ஆனால் அதே கோடையில்தான் காடு எங்களுக்குப் பழம் தருகிறது. யாரும் தண்ணீர் ஊற்றாத, மருந்து அடிக்காத பழம். இந்த மாதம் அதைப் பற்றிக் கதைப்போம்.

வைகாசி, ஆனி, ஆடி மாதங்கள் பாலைப்பழக் காலம். வேப்பம்பழம் அளவில், மஞ்சள் நிறத்தில், தேன்போல் இனிக்கும் பழம் அது. அதிகம் தின்றால் அதன் பால் உதட்டில் ஒட்டிப் பிடிக்கும். சிறிது தேங்காயெண்ணெய் தடவினால் விட்டுவிடும். சிங்கள மக்கள் இதைப் 'பலு' என்பார்கள். இதே காட்டில் சிவந்த வீரைப்பழமும் முரளிப்பழமும் உண்டு. பிறகு ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கும். முல்லைத்தீவு மாவட்டத்தில் பாலைப்பாணி என்றே ஓர் ஊர் இருக்கிறது. எங்கள் முன்னோர் இந்தப் பழத்தை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு இந்தப் பெயரே போதும்.

ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள எங்கள் ஊருக்கு நாங்கள் 2011இல் மீளக்குடியமர்ந்தோம். வீட்டில் நானும் மாமியும் மகளும்தான். வந்த முதற்கோடையிலேயே காட்டோரம் பாலை மரங்கள் பழுத்து நின்றன. காற்றடிக்கும்போது வாசம் முற்றம்வரை வரும். ஆனால் காட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. பழம் விழுந்து அழுகியது. காகமும் குரங்கும் தின்றன. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மிதிவெடி அகற்றும் வேலையில் எங்கள் ஊர்ப் பெண்களும் சேர்ந்தார்கள். வெயிலில் முழந்தாளிட்டு, நிலத்தைச் சாண் சாணாகத் துப்புரவாக்கினார்கள். பலகைகள் கழற்றப்பட்ட பிறகு, 2016ஆம் ஆண்டு ஆனியில்தான் மறுபடி காட்டுக்குள் கால் வைத்தோம். மகளுக்கு அப்போது எட்டு வயது. அவளுக்குத் தோடம்பழம் தெரியும், அப்பிள் தெரியும். பாலைப்பழம் தெரியாது.

முன்பெல்லாம் மரம் ஏறுவது என் கணவரின் வேலை. 2009இலிருந்து அவரைப் பற்றித் தகவல் இல்லை. நாங்கள் பெண்கள் ஏழு பேர் கொக்கத்தடிகளும் பழஞ்சேலைகளும் சாக்குகளும் எடுத்துக்கொண்டு போனோம். மரத்தடியைக் கூட்டிச் சேலையை விரித்து, கொக்கத்தடியால் கொப்பைப் பிடித்து உலுக்கினால் பழம் பொலபொலவென்று கொட்டும். மகள் முதற் பழத்தை வாயில் போட்டுவிட்டு, "அம்மா, பசை மாதிரிக் கிடக்கு" என்று முகத்தைச் சுருக்கினாள். மூன்றாவது பழத்துக்குப் பிறகு அவள் எங்களுடன் கதைக்கவேயில்லை. கையும் வாயும் ஓயவில்லை.

மாமி மட்டும் ஒரு பழமும் தின்னவில்லை. அது மகனுக்கு உயிரான பழம். "அவன் வரட்டும், தின்னுறன்" என்று 2009இலேயே விட்டுவிட்டா. நானும் வற்புறுத்தியதில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு பண்டம் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கும்.

பழம் நிறையக் கிடைத்ததால் மாங்குளம் சந்தியில் சுண்டுக் கணக்கில் விற்றோம். மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க அந்தக் காசு உதவியது. மறுவாரம் ஒரு வியாபாரி வந்து, சாக்குக் கணக்கில் தந்தால் முழுவதையும் எடுப்பதாகச் சொன்னார். எங்களில் இருவர், கொப்புகளை வெட்டி விழுத்தினால் ஒரே நாளில் சாக்கு நிறையும் என்றார்கள். கையில் காசில்லாத வீட்டில் அது பிழையான யோசனையாகத் தெரியாது. எனக்கும் மனம் தடுமாறியது. மாமிதான், "கொப்பை வெட்டிப்போட்டு வாற வருசம் ஆரிட்டைப் போய்க் கேப்பியள்? பாலை உங்கட பேரப்பிள்ளையளுக்குத்தான் மரமாகும்" என்றா. பாலை மிக மெதுவாக வளரும் வைர மரம். வெட்டிய கொப்பு ஓரிரு வருடத்தில் திரும்பி வராது. வியாபாரியிடம் உலுக்கி விழுந்ததை மட்டும் கொடுத்தோம். காசு குறைவுதான். ஆனால் அந்த மரங்கள் இன்றும் நிற்கின்றன.

மிஞ்சிய பழத்தில் பாணி காய்ச்சுவோம் என்றா மாமி. செய்முறை இலேசானது. பழத்தைக் கழுவி, சிறிது தண்ணீர் விட்டு அவித்து, கையால் பிசைந்து துணியில் வடிக்க வேண்டும். சாற்றை அடி தடித்த சட்டியில் மெல்லிய நெருப்பில் விட்டு, அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே வற்றவிட வேண்டும். சீனி தேவையில்லை. அகப்பையிலிருந்து நூலாக வடியும்போது இறக்கி, ஆறவிட்டு, ஈரமில்லாத போத்தலில் அடைக்கலாம். குரக்கன் பிட்டுக்கும் ரொட்டிக்கும் அருமையாக இருக்கும். பாணி காய்ச்ச நேரமில்லாதவர்கள் பழத்தைப் பாயில் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்துப் பேணியில் போட்டுவைக்கலாம்.

அன்று சட்டியடியில் மகள்தான் துழாவிக்கொண்டிருந்தாள். பதம் வந்ததோ என்று எனக்கும் தெரியவில்லை. "அப்பம்மா, காணுமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்று அகப்பையை நீட்டினாள். மாமி சற்றுநேரம் அகப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்தா. "இன்னும் கொஞ்சம் வத்தவேணும். கை விடாமல் துழாவு, பிள்ளை" என்றா. அவ்வளவுதான். போத்தல்களில் ஒன்றைத் துடைத்து மேல்தட்டில் வைத்தா. அது யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு போத்தல் அங்கே போகிறது. ஆனால் பதம் பார்ப்பது அன்றிலிருந்து மாமியின் வேலை.

சகோதரிகளே, காட்டுக்குப் போவதென்றால் சில விடயங்களை மறக்க வேண்டாம். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. வடக்கில் பெரும் நிலப்பரப்பு துப்புரவாகிவிட்டது. ஆனாலும் பழகிய பாதையை விட்டு விலகாதீர்கள். பலகையோ நாடாவோ கண்டால் அப்பால் போகாதீர்கள். இனந்தெரியாத இரும்பு எதையும் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கு அல்லது 119 இலக்கத்தில் பொலிசாருக்கு அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். ஒதுக்கப்பட்ட காடுகளுக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது என்பதால் எங்கே போகலாம் என்று முதலில் கேட்டறியுங்கள். பாலைப்பழம் கரடிக்கும் விருப்பம், அது மரமும் ஏறும். தனியே போகாமல் கூட்டமாக, சத்தமாகக் கதைத்துக்கொண்டு போங்கள். பொழுதுசாயுமுன் வீடு திரும்புங்கள்.

இப்போது என் மகளே கொக்கத்தடி பிடிக்கிறாள். இந்தக் கோடையில் உங்கள் பிள்ளைகளையும் ஒருநாள் மர நிழலுக்குக் கூட்டிப்போங்கள். கட்டுச்சோறும் ஒரு போத்தல் மோரும் போதும். உங்களுக்குத் தெரிந்த பழங்களின் பெயரையும் ருசியையும் அவர்களுக்குக் காட்டிக்கொடுங்கள். எத்தனையோ இடப்பெயர்வில் எத்தனையோ பொருளை விட்டுவந்தோம். இந்த அறிவு எங்களோடுதான் நடந்து வந்தது. அதை எங்களோடு முடியவிடக் கூடாது.

அடுத்த மாதம் சந்திப்போம்.