மின்சாரம் போனால் குரலும் போகும்

பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் இணைப்பகத்திலிருந்தே வந்தது. வீடு இருண்டாலும் தொலைபேசி உயிரோடிருக்கும். இன்று குரல் சிறு பொதிகளாக நறுக்கப்படுகிறது. ஒரு பொதியில் பெரும்பாலும் 20 மில்லி செக்கன் பேச்சு. வழியில் ஒன்றிரண்டு தொலைந்தால் காது பொறுத்துக்கொள்ளும். வீட்டு ரவுட்டர் அணைந்தாலோ பொதியே பிறப்பதில்லை.

பிரித்தானியா 2027 ஜனவரி இறுதியை எல்லையாக வைத்துப் பழைய வலையமைப்பை மூட முனைந்தது. தரைவழித் தொலைபேசியையே நம்பியிருப்போர், மின்தடையின்போது குறைந்தது ஒரு மணித்தியாலமாவது அவசர அழைப்பு எடுக்க வழி வேண்டும் என்கிறது அங்குள்ள ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒவ்கொம். 2021 நவம்பரில் ஆர்வென் புயலின் பின் சில வீடுகள் ஒரு வாரத்துக்கும் மேலாக மின்சாரமின்றிக் கிடந்தன. தனித்து வாழும் முதியவருக்கு ஒரு மணித்தியாலம் எம்மட்டு? கம்பியை அகற்றுவோர், நாட்கணக்கில் தாங்கும் மின்கலத்தையும் கொடுத்துவிட்டே அகற்ற வேண்டும்.