ரதத்துக்கு மேலே ட்ரோன் விடலாமா? தொண்டூழியர்களாக எங்கள் கருத்து



தைப்பூச வேலைகள் ஆரம்பிச்சாச்சு. பந்தல், தண்ணீர், அன்னதானம் என்று பேசிக்கொண்டிருந்த வாட்ஸ்அப் குழுவில் இப்போது ஒரே கேள்வி: “இந்த வருஷம் ட்ரோன் யாருண்ணே விடுறது?” போன வாரக் கூட்டத்திலும் இதே பேச்சுதான். அங்கே சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

நாங்கள் ட்ரோனுக்கு எதிரிகள் இல்லை. மேலிருந்து எடுத்த காவடிக் கூட்டத்தைப் பார்த்து எங்களுக்கும் புல்லரிக்கத்தான் செய்யுது. கோபுரத்தில் விரிசல் இருக்கா என்று சாரம் கட்டி ஏறாமலே பார்க்கலாம். கூட்டம் எந்தப் பக்கம் நெருக்குது என்று முன்கூட்டியே தெரிஞ்சுக்கலாம். நல்ல கருவிதான்.

ஆனால் போன வருஷம் நடந்ததை மறக்க முடியவில்லை. ரதம் முச்சந்தி தாண்டும் நேரம், யாருடையது என்றே தெரியாத ஒரு ட்ரோன் தோரண விளக்குக் கம்பியில் மோதி, பால்குடம் எடுத்து வந்த ஓர் அக்காவின் காலடியில் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. ஆனால் அவர் பயந்து நிலைதடுமாறி, குடம் கவிழ்ந்து பால் முழுக்க தார் ரோட்டில் ஓடிவிட்டது. நாற்பத்தெட்டு நாள் விரதம். “என் நேர்த்திக்கடன் என்னாகும் தம்பி?” என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. கீழே கிடந்ததை ஓர் இளைஞர் எடுத்துக்கொண்டு கூட்டத்தில் மறைந்துவிட்டார். யார் என்று இன்றுவரை தெரியாது.

“சின்னப் பொருள்தானே” என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்க. கேமரா வைத்த பல ட்ரோன்கள் ஓர் உரித்த தேங்காய் எடை இருக்கும். 40 மீட்டர் உயரத்திலிருந்து அது விழுந்தால், காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகம். தேங்காய் உடைக்கிற இடத்திலேயே சில்லு தெறிக்கும் என்று கயிறு கட்டி ஆளை விலக்குகிறோம். தலைக்கு மேலே அதே எடை பறக்கும்போது எந்தக் கயிறு கட்டுவது?

இன்னொன்று. ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் ஒரே இடத்தில் இருக்கும்போது ட்ரோனுக்கும் ரிமோட்டுக்கும் நடுவே சிக்னல் பாதிக்கப்படலாம். சிக்னல் போனால் பல ட்ரோன்கள் தானாகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். திரும்பும் உயரத்தைக் குறைவாக வைத்திருந்தால், வழியில் கோபுரமும் மின்கம்பியும் கொடிக்கயிறும் காத்திருக்கும்.

சட்டம் என்ன சொல்லுது? நம் நாட்டில் 2016 சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகள் இருக்கின்றன. 20 கிலோவுக்குக் குறைந்த, கேமரா பொருத்திய ட்ரோனாக இருந்தாலும், திறந்தவெளியில் 1,000 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியின் மேலேயோ, அதிலிருந்து 150 மீட்டருக்குள்ளேயோ அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. சம்பந்தமில்லாத ஆட்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். 400 அடிக்கு மேல் போகக் கூடாது. அனுமதி தருவது சிஏஏஎம் எனப்படும் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். பத்துமலையாகட்டும், நம்ம ஊர் சின்ன ரதமாகட்டும், தைப்பூசத்தன்று ஆயிரம் பேருக்குக் குறைவாகவா வருகிறார்கள்?

இப்போது கும்பாபிஷேகத்துக்கும் கேட்கிறார்கள். 2025 ஜூலையில் திருச்செந்தூர் கும்பாபிஷேகத்தில் ட்ரோன் வழியாகப் புனித நீர் தெளித்த வீடியோவை எல்லாரும் பார்த்தோம். அழகுதான். ஆனால் தெளிப்பு ட்ரோன் என்பது கல்யாண வீட்டு ட்ரோன் இல்லீங்க. தண்ணீர் நிரப்பினால் பெரிய வகைகள் 20 கிலோவைத் தாண்டிவிடும். அதற்குத் தனி அனுமதி வேணும். வீடியோவைப் பார்த்து நாமும் செய்யலாம் என்று இறங்கக் கூடாது.

பாதுகாப்பு என்றால் விழுவது மட்டுமில்லை. காவடி எடுப்பவர்கள் குளிக்கும் ஆற்றங்கரையில் நம் அம்மாக்களும் தங்கச்சிகளும் ஈரப் புடவையோடு நிற்கிறார்கள். மேலே கேமரா சுற்றினால் யார் எடுக்கிறார்கள், எங்கே போடுகிறார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இதற்கு எந்தச் சட்டமும் பார்க்க வேண்டாம், நம்ம மனசாட்சி போதும்.

பெரிய விமான நிலையங்களே இதில் திணறியிருக்கின்றன. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக்கில் ட்ரோன் தெரிந்ததாக வந்த தகவல்களால் சுமார் ஆயிரம் விமானச் சேவைகள் பாதிக்கப்பட்டன. 2019 ஜூனில் சிங்கப்பூர் சாங்கியில் 37 விமானங்கள் தாமதமாயின. அதன்பிறகு 2020 பிப்ரவரி முதல் சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பதிவு செய்தால்தான் வெளியே பறக்கவிட முடியும். கீழே விழுந்தால் யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. அந்த அக்காவுக்கு நம்மிடம் அந்த வழிகூட இல்லை.

நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்:

ஒன்று, கோவில் சார்பில் ஒரே குழு மட்டும், சிஏஏஎம் அனுமதியோடு, காவல் நிலையத்துக்கும் தெரிவித்துப் பறக்கவிடட்டும். அனுமதி கிடைக்காவிட்டால் ட்ரோன் இல்லாமலே ரதம் போகட்டும்.

இரண்டு, ஏறி இறங்க தனி இடம், கயிறு கட்டி, நம் தொண்டூழியர் ஒருவர் காவல். ஆள் தலைக்கு மேலே பறக்கவே கூடாது.

மூன்று, குளிக்கும் இடத்துக்கு முழுத் தடை.

நான்கு, இந்த விதிகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி நுழைவாயிலில் ஒட்டுவோம். நம் பிள்ளைகளில் பலருக்கு இப்படியொரு விதி இருப்பதே தெரியாது. தெரியாதவனைத் திட்டிப் பயனில்லை.

அதிகாரிகளிடமும் ஒரு வார்த்தை. முறையாக மனு போடுபவன் காத்திருக்கிறான். போடாதவன் படம் எடுத்து ஆயிரம் லைக் வாங்குகிறான். திருவிழாவுக்கென்று எளிய விண்ணப்ப முறை இருந்தால் சட்டத்தை மதிப்பவர்கள் கூடுவார்கள்.

ட்ரோன் வைத்திருக்கும் தம்பிகளே, உங்கள் ஆர்வம் எங்களுக்குத் தெரியும். எங்களிடம் வாங்க, சேர்ந்தே செய்வோம். ஆனால் அந்த அக்கா இந்த வருஷமும் பால்குடம் எடுக்கிறார். அவர் அண்ணாந்து பார்த்துப் பயப்படாமல் சன்னிதி வரை போய்ச் சேரணும். அதுதான் எங்களுக்கு முக்கியம்.

உங்கள் கோவிலில் என்ன செய்றீங்க? கீழே சொல்லுங்க. மற்ற கோவில் நிர்வாகங்களுக்கும் பகிருங்கள்.

முருகா சரணம்.