விட்டில் பூச்சிக்கும் வவுச்சர் வேணும்

பி.காம். படிக்கிறவனுக்கு விட்டில் பூச்சியில் என்ன வேலை என்கிறீர்களா? கணக்கு சம்பந்தமான விஷயம்தாங்க!

நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திவிட்டு லண்டன் மியூசியத்துக்குப் போன ஹாம்ப்சன், 1893-ல் இலங்கை விட்டில் ஒன்றுக்கு மிமியூசீமியா சிலோனிகா என்று பெயர் வைத்தார். 127 வருஷம் கழித்து, 2020-ல், அது நம்ம களக்காடு முண்டந்துறை காட்டில் தென்பட்டது. இந்தியாவில் அதுதான் முதல் பதிவு. பழைய விவரத்தைப் பார்க்காமல் 'புது இனம்' என்று பெயர் சூட்டியிருந்தால்? ஒரே செலவுக்கு ரெண்டு என்ட்ரி!

வண்ணார்பேட்டையில் ட்யூப்லைட்டைச் சுற்றும் விட்டிலை செல்போனில் படம் எடுப்பது சுலபம். ஆனால் இறகுக் கோலம் மட்டும் போதாது. பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும் பல இனங்களை, இனப்பெருக்க உறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். புது இனம் என்றால், ஒரு பூச்சியை 'ஹோலோடைப்' என்று குறித்து மியூசியத்தில் வைப்பார்கள். அதுதான் வவுச்சர்.

அதற்காக ஒரு உயிரைக் கொல்லலாமா? எனக்கும் சங்கடம்தான். ஆனால் பெயரே இல்லாத உயிருக்காகக் காட்டைக் காப்பாற்றச் சொல்லி யார் வாதாடுவார்கள்?

என் கட்சி இதுதான்: புதுப் பெயர் வைக்கிறவருக்குக் கிடைக்கும் கைதட்டல், பழைய பேரேட்டைப் புரட்டிச் சரிபார்க்கிறவருக்கும் கிடைக்கணும். நீங்க என்ன சொல்றீங்க?