பனிவண்டியும் ஒரு சிறு தண்டும்

பனியில் ஓடும் வண்டியைப் பற்றிப் புதுச்சேரிக்காரன் எழுதுவதா என்று சிரிக்க வேண்டாம். மகள் குடும்பம் கியூபெக்கில் இருக்கிறது. பிரெஞ்சு மீடியத்தில் படித்த புண்ணியத்தால், இரண்டு குளிர்காலம் அங்கே தங்கியபோது அக்கம்பக்கத்தாரோடு தாராளமாகப் பேச முடிந்தது. ஸ்னோமொபைலை அவர்கள் 'மோட்டோநேஜ்' என்பார்கள்.

அந்த மாகாணத்து மக்களுக்கு அது வெறும் விளையாட்டு வண்டி அல்ல. வால்கூர் ஊர்க்காரரான ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1934 குளிர்காலத்தில் தம் சின்னஞ்சிறு மகனைப் பறிகொடுத்தார். பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டு போக வழியில்லை. அவர் உருவாக்கிய பல்சக்கரமும் பட்டையும் கொண்ட அமைப்புக்கு 1937இல் காப்புரிமை கிடைத்தது. 1959இல் சிறிய பனிவண்டி விற்பனைக்கு வந்தது.

இந்த வண்டிக்கு முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் ரப்பர் பட்டை. பட்டைக்குள்ளே பின்பக்க சஸ்பென்ஷன். அதன் இரும்புக் கைகளைக் குறுக்காகத் தாங்குபவை சில தண்டுகள், அதாவது ஷாஃப்டுகள். மேடு பள்ளத்தில் விழும் அடியில் பெரும்பகுதி இவற்றுக்குத்தான். கிரீஸ் வற்றினால் தண்ணீர் புகும், துரு ஏறும், புஷ் தேயும். பிறகு தண்டு ஆட ஆரம்பிக்கும், போல்ட் தளரும், ஒருநாள் ஒடியும். ஒடிந்தால் சஸ்பென்ஷன் இடம் பெயர்ந்து பட்டையையும் மேலே உள்ள அலுமினியக் கூட்டையும் கிழித்துவிடலாம். மைனஸ் இருபது டிகிரியில், காட்டு நடுவில் இப்படி ஆனால் என்ன கதி?

பக்கத்து வீட்டுப் பெரியவரின் இருபது வருட வண்டியில் இப்படித்தான் தண்டு போயிற்று. அந்தத் தண்டைத் தனியாகத் தயாரிப்பதை நிறுத்திவிட்டோம், முழு சஸ்பென்ஷனாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடையில் சொன்னார்கள். அந்த விலைக்குப் பழைய வண்டியே கிடைக்கும் என்றார் அவர். கடைசியில் உடைத்து விற்கும் இடத்தில் தேடிப் பிடித்தார்.

கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உதிரிபாகங்கள் 'நியாயமான காலம்' வரை கிடைக்க வேண்டும் என்கிறது. 2023இல் அதை இன்னும் இறுக்கித் திருத்தினார்கள். நல்லதுதான். ஆனால் முப்பது வருடம் கோப்பு பார்த்த எனக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே சந்தேகம். நியாயமான காலம் என்று எழுதினால், எத்தனை வருடம் என்பதை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்வார்.

எல்லா மாடலுக்கும் எல்லாப் பாகமும் எத்தனை காலம்தான் இருப்பு வைப்பது என்று கம்பெனிக்காரர்கள் கேட்கலாம். அதிலும் நியாயம் உண்டு. ஆகவே நான் சொல்வது இதுதான்: ஒரு பாகத்தை நிறுத்தும் நாளிலேயே அதன் அளவுகளையும், எந்த ரக எஃகு என்பதையும் வெளியிட்டுவிடுங்கள். நல்ல லேத் பட்டறைக்காரர் செய்து கொடுப்பார். ரகம் தெரியாமல் கையில் கிடைத்த கம்பியைக் கடைந்து போட்டால் அது மறுபடியும் ஒடியும், ஆளையும் ஆபத்தில் தள்ளும்.

வண்டி வைத்திருப்பவருக்கும் பொறுப்பு உண்டு. பருவம் தொடங்குமுன் கிரீஸ் அடித்து, போல்ட்டுகளைச் சரிபார்த்து, தண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் செலவழிக்காதவர் கம்பெனியை மட்டும் குறை சொல்லக் கூடாது.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள் நம் பெரியவர்கள். தேரை விற்றவர் அச்சாணிக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் கட்சி என்னவோ?