மோகன் பகான் 1911: தயவுசெய்து அதிசயம் என்று சொல்லாதீர்கள்

இந்தியக் கால்பந்து என்று பேச்சை எடுத்தால் இரண்டு கதைகள் தவறாமல் வந்து விழும். ஒன்று, "1950 உலகக் கோப்பையில் வெறுங்காலோடு ஆட அனுமதிக்கவில்லை, அதனால்தான் இந்தியா போகவில்லை" என்பது. இன்னொன்று, 1911ல் வெறுங்காலோடு ஆடிய பதினோரு பேர் வெள்ளைக்காரப் பட்டாளத்தைத் தோற்கடித்தார்கள் என்பது.

முதல் கதையில் கட்டுக்கதைதான் அதிகம். அன்றைக்கு ஒலிம்பிக்ஸ்தான் பெரிது, உலகக் கோப்பையை நம் சங்கம் பெரிதாக மதிக்கவில்லை என்பதை அப்போதைய கேப்டன் ஷைலேன் மன்னாவே பிற்காலத்தில் சொல்லிவிட்டார். ஆனாலும் கதை சாகவில்லை. கதை நன்றாக இருந்தால் உண்மைக்கு யார் காத்திருக்கிறார்கள்?

இரண்டாவது கதை நிஜமாகவே நடந்தது. பிரச்சினை அது சொல்லப்படும் விதத்தில் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் "அதிசயம்", "அற்புதம்", "நாட்டுப்பற்று பந்தை உதைத்தது" என்கிற ரீதியில்தான் எழுதுகிறார்கள். கேட்க ஜோராக இருக்கும். ஆனால் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பதினோரு பேரின் சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் திருடுகிறோம்.

முதலில் நடந்ததைப் பார்த்துவிடலாம்.

1911 ஜூலை 29. கல்கத்தா மைதானம். ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். 1893ல் தொடங்கிய போட்டி அது. அதுவரை ஒரு இந்திய அணி கூட அந்தக் கேடயத்தைத் தொட்டதில்லை. ஒரு பக்கம் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட். எதிரே மோகன் பகான். கூட்டம் அறுபதாயிரம் என்றும் சொல்கிறார்கள், ஒரு லட்சம் என்றும் சொல்கிறார்கள். ஸ்பெஷல் ரயில் விட்டிருக்கிறார்கள். இரண்டு ரூபாய் டிக்கெட் பிளாக்கில் பதினைந்து ரூபாய்க்குப் போனது என்று ஒரு தகவல் உண்டு. (முதல் நாள் முதல் ஷோ பிளாக் டிக்கெட்டெல்லாம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று யாராவது நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளவும் :-)) வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆட்டம் கண்ணில் படவே வழியில்லை. அதனால் பட்டம் விட்டு ஸ்கோரைத் தெரிவித்தார்கள். வானத்தைப் பார்த்து கால்பந்து ரசித்த கூட்டம் உலகத்தில் வேறு எங்காவது இருந்திருக்குமா தெரியவில்லை.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் ஒரு ஃப்ரீ கிக். சார்ஜென்ட் ஜாக்சன் அடித்தார், கோல். 1-0. நேரம் ஓடுகிறது. வழக்கமாக இந்த இடத்தில்தான் அமெச்சூர் அணிகள் கலைந்து போகும். ஆளாளுக்குப் பந்தைத் துரத்துவார்கள், பாஸ் தப்பும், ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். மோகன் பகான் கலையவில்லை. கடைசி நிமிடங்களில் கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி கோல் அடித்து சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அதே ஷிப்தாஸ் பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க, அபிலாஷ் கோஷ் உள்ளே தள்ளினார். 2-1. அவ்வளவுதான்.

இதில் அதிசயம் எங்கே இருக்கிறது?

அந்த வருடம் மோகன் பகான் இறுதி வரை வந்த வழியைப் பாருங்கள். செயின்ட் சேவியர்ஸ் அணியை 3-0. ரேஞ்சர்ஸ் அணியை 2-1. ரைஃபிள் பிரிகேடை 1-0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமென்டோடு 1-1 டிரா, மறு ஆட்டத்தில் 3-0. மூன்றே வாரத்துக்குள் ஐந்து ஆட்டம். அதில் இரண்டு பட்டாளத்து அணிகளை ஏற்கெனவே சாய்த்தாகிவிட்டது. இந்த அணி ஆறாவது ஆட்டத்தில் ஒரு கோல் பின்தங்கியதும் நடுங்கிப்போகும் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

இன்னும் பின்னால் போனால், 1906, 1907, 1908 என்று மூன்று வருடம் தொடர்ந்து டிரேட்ஸ் கப் ஜெயித்தவர்கள் இவர்கள். அந்தக் கிளப் தொடங்கியது 1889ல். ஒரு இந்திய அணி பட்டாளத்து அணியை முதலில் தோற்கடித்தது கூட இவர்கள் இல்லை. 1892லேயே சோவாபஜார் கிளப், ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்டை 2-1 என்று டிரேட்ஸ் கப்பில் வென்றிருக்கிறது. ஆக, 1911க்குப் பின்னால் குறைந்தது இருபது வருடக் கல்கத்தா கால்பந்து இருக்கிறது. தோற்று, கற்று, மறுபடி தோற்று, மறுபடி ஆடிய இருபது வருடம். அதிசயம் என்ற ஒரே வார்த்தையில் அந்த இருபது வருடமும் காணாமல் போய்விடுகிறது.

பாதுரி சகோதரர்களையே எடுத்துக்கொள்ளலாம். ஷிப்தாஸ் இடது ஓரம். அண்ணன் பிஜய்தாஸ் அவருக்கு உள்பக்கம், பக்கத்திலேயே. வீட்டிலும் ஒன்றாக, மைதானத்திலும் ஒன்றாக. அண்ணன் எப்போது பந்தை விடுவார், தம்பி எப்போது ஓடுவார் என்பது இரண்டு பேருக்கும் சொல்லாமலே தெரியும். எந்தக் கோச்சும் ஆறு மாதத்தில் சொல்லித்தர முடியாத விஷயம் இது. எதிரணித் தடுப்பாட்டக்காரர் என்னதான் உயரமாக, பலசாலியாக இருந்தாலும் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் படிக்க முடியாது.

அடுத்தது, இந்த "அமெச்சூர்" சமாச்சாரம். காகிதத்தில் பார்த்தால் இரண்டு அணியுமே அமெச்சூர்தான். பட்டாளக்காரர்களுக்கும் கால்பந்துக்கென்று சம்பளம் கிடையாது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சிப்பாய்க்கு உடம்பை முறுக்காக வைத்திருப்பதுதான் வேலையே. காலையில் கவாத்து, வேளைக்குச் சாப்பாடு, டாக்டர், பூட்ஸ் எல்லாம் சர்க்கார் செலவு. அணி முழுக்க ஒரே பாசறையில் தங்கியிருக்கும். சேர்ந்து பழகுவதற்கு யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை.

மோகன் பகான் பக்கம்? ஷிப்தாஸ் கால்நடைத் துறையில் உத்தியோகம். சுதீர் சாட்டர்ஜி கல்லூரியில் பாடம் எடுத்தவர். அபிலாஷ் கோஷ் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர். கோல் கீப்பர் ஹீராலால் முகர்ஜி செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். வேலைக்கும் வகுப்புக்கும் போய்விட்டு மிச்சமிருக்கும் நேரத்தில்தான் பயிற்சி. வணிகவியலில் வாய்ப்புச் செலவு என்று ஒரு பாடம் உண்டு. ஒன்றைச் செய்வதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோமோ அதுதான் அதன் உண்மையான விலை. அந்தக் கணக்கில் பார்த்தால் மைதானத்தில் செலவழித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மோகன் பகான்காரர்கள் கொடுத்த விலை பட்டாளக்காரர்கள் கொடுத்ததைவிடப் பல மடங்கு. பலமான எதிரணி என்று சொல்லும்போது தோள் அகலத்தை மட்டும் அளக்கிறோம். நேரம் யாரிடம் இருந்தது என்பதுதான் பெரிய வித்தியாசம். அந்த வித்தியாசத்தை மூன்று வாரம் தாக்குப்பிடித்ததுதான் அந்த அணியின் சாதனை.

சரி, வெறுங்கால் விஷயத்துக்கு வருவோம். பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். சுதீர் சாட்டர்ஜி மட்டும் பூட்ஸ். இதைப் பரிதாபக் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். பூட்ஸ் விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் வெறுங்காலோடு ஆடியே வளர்ந்தவனுக்குப் பந்து காலில் எங்கே படுகிறது என்பது விரல் நுனி வரை தெரியும். அது ஒரு தனி ஆட்டம், தனிப் பழக்கம். 37 வருடம் கழித்து, 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸோடு ஆடிய இந்திய அணியிலும் பலர் வெறுங்காலோடுதான் இறங்கினார்கள். இரண்டு பெனால்டியை வீணடித்து 1-2 என்று தோற்றார்கள். (இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன். இந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?)

அதற்காக வெறுங்கால் வசதியானது என்று சொல்ல வரவில்லை. பட்டாளத்துப் பூட்ஸ் காலின் மேல் ஏறினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கல்கத்தாவில் ஜூலை என்றால் மழைக்காலம். சேற்றில் வெறுங்கால் வழுக்கும், பூட்ஸ் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் தெரிந்துதான் அவர்கள் ஆடினார்கள். பூட்ஸ்காரனிடம் உடம்பால் மோதினால் நஷ்டம், அதனால் பந்தைச் சீக்கிரம் கைமாற்று, கிட்டே வருவதற்குள் விலகு என்று ஒரு ஆட்ட முறையே அதிலிருந்து வருகிறது. இதை மூளை என்று சொல்ல வேண்டும். பாவம் என்று சொல்லக் கூடாது.

இன்னொரு பெரிய பில்டப் உண்டு. இந்தத் தோல்வியில் அரண்டுபோய்த்தான் ஆங்கிலேயர்கள் தலைநகரத்தை டெல்லிக்கு மாற்றினார்கள் என்று இணையத்தில் அடிக்கடி ஜல்லி அடிப்பார்கள். 1911 டிசம்பர் 12 டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார் என்பதும், அதே அறிவிப்பில் 1905 வங்கப் பிரிவினை ரத்தானது என்பதும் உண்மை. ஆனால் தலைநகரை மாற்றலாம் என்று ஜென்கின்ஸ் எழுதிய குறிப்பு 1911 ஜூன் மாதத்தியது. அப்போது ஷீல்டு போட்டியில் மோகன் பகான் முதல் ஆட்டமே ஆடியிருக்கவில்லை! ஒரு நல்ல வெற்றிக்கு இப்படிப் போலிச் சாட்சி எல்லாம் எதற்கு?

நிஜமான விளைவு என்ன என்று தேடினால் கொஞ்சம் கசக்கும். ஷீல்டு ஜெயித்த அணிக்குக் கல்கத்தா லீக்கில் இடம் கிடையாது. 1914ல்தான் உள்ளே விட்டார்கள், அதுவும் இரண்டாம் டிவிஷனில். ஊர் முழுக்க ஊர்வலம் போன வெற்றிக்கு நிர்வாகம் கொடுத்த மரியாதை இது. அடுத்து ஒரு இந்திய அணி ஷீல்டு ஜெயிக்க 1936 வரை ஆனது. அது முகமதன் ஸ்போர்ட்டிங். அதற்கு முன்பே 1934ல் லீக் பட்டத்தையும் முதன்முதலில் வென்ற இந்திய அணி அவர்கள்தான். 1911 பற்றி நூறு கட்டுரை இருந்தால் முகமதன் ஸ்போர்ட்டிங்கின் அந்தக் காலம் பற்றிப் பத்தாவது இருக்குமா? வரிசையாக ஐந்து வருடம், 1934 முதல் 1938 வரை, லீக் ஜெயித்திருக்கிறார்கள். ஒரு நாள் வெற்றிக்கு இருக்கும் கவர்ச்சி ஐந்து வருட வெற்றிக்கு இல்லை. அதிசயத்தை மட்டும் கொண்டாடிப் பழகினால் இப்படித்தான் ஆகும்.

மோகன் பகான் அந்த நாளை மறக்கவில்லை. ஜூலை 29 அந்தக் கிளப்புக்குத் திருநாள். 2001லிருந்து மோகன் பகான் ரத்னா விருது அந்த நாளில்தான் தருகிறார்கள். முதல் விருது மேலே சொன்ன ஷைலேன் மன்னாவுக்கு. 2020 ஜூலை 29 அன்று நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்து நாஸ்டாக் பலகையில் கிளப்பின் சின்னம் மின்னியது. அதே வருடம் கிளப்பின் கால்பந்து அணி ஒரு கார்ப்பரேட் அணியோடு இணைந்து ஏ.டி.கே. மோகன் பகான் ஆனது. ரசிகர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டு, 2023ல் அந்த முன்னொட்டு நீங்கி மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட் ஆனது. சம்பளமே வாங்காத பதினோரு பேர் சம்பாதித்துக் கொடுத்த பெயருக்கு நூறு வருடம் கழித்தும் இவ்வளவு பேரம். பாலன்ஸ் ஷீட்டில் நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு, எப்படி வந்தது என்று அதில் எழுத மாட்டார்கள்.

கடைசியாக, கல்கத்தாவில் சொல்லப்படும் ஒரு கதை. இறுதி ஆட்டம் முடிந்து வீரர்கள் திரும்பும்போது ஒரு முதியவர் வந்து, ஃபோர்ட் வில்லியம் கோட்டையில் பறந்த யூனியன் ஜாக்கைக் காட்டி, "இதை ஆயிற்று, அது எப்போது இறங்கும்?" என்று கேட்டாராம். "மோகன் பகான் அடுத்த முறை ஷீல்டு ஜெயிக்கும்போது" என்று ஒரு வீரர் பதில் சொன்னாராம். யாரோ பிற்பாடு உட்கார்ந்து தைத்த கதை என்று பார்த்தவுடனே தெரிகிறது. இடையில் 1923ல் கூட இறுதி வரை போய், கல்கத்தா எஃப்.சி.யிடம் தோற்றிருக்கிறார்கள். ஆனால் மோகன் பகான் இரண்டாவது முறை ஷீல்டு ஜெயித்த வருடம் மட்டும் நிஜமாகவே 1947. எதிரணியில் பட்டாளக்காரர் யாரும் இல்லை. ஈஸ்ட் பெங்கால்.