ஊசியை ஒளிக்க வேண்டாம்

கரும்பு விளைந்து வெல்லம் காய்ச்சும் மண் நம் ஜேடர்பாளையம். ஒரு பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவு என்று நாங்கள் சொன்னவுடன், "வெல்லம் அதிகமாகக் கொடுத்துவிட்டேனா, டாக்டர்?" என்றே தாய்மார்கள் கலங்குகின்றனர். அதுவன்று காரணம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுவதால் வருவது இந்நோய். இதில் தாயின் பிழையும் இல்லை, பிள்ளையின் பிழையும் இல்லை. மாத்திரையோ பத்தியமோ இன்சுலினுக்கு ஈடாகா.

1922 சனவரியில் டொரண்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்தனர். இன்று மருந்து இருக்கிறது. அது வாழ்நாள் முழுதும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். அரசு மருத்துவமனைகள் இன்சுலினை இலவசமாகத் தருகின்றன. ஆயினும், நாள்தோறும் பலமுறை சர்க்கரை அளவு பார்க்கத் தேவையான ஸ்ட்ரிப்புகளின் செலவு கூலிக் குடும்பங்களுக்குப் பெருஞ்சுமை.

அச்சுமையைத் தாங்க முன்வந்த அமைப்புகளுள் ஒன்று, கோவையில் நீரிழிவு மருத்துவர் கிருஷ்ணன் சுவாமிநாதன் தொடங்கிய இதயங்கள் அறக்கட்டளை. வசதியற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது இன்சுலினும் குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் இலவசமாக வழங்குகிறது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய 'லைஃப் ஃபார் எ சைல்டு' திட்டம் பல நாடுகளில் இதே பணியைச் செய்கிறது. இத்தகைய அமைப்புகளை நாங்கள் போற்றுகிறோம். ஆனால், அறக்கட்டளை மருந்தைத்தான் தர முடியும். அதை அச்சமின்றிப் போட்டுக்கொள்ளும் இடத்தை ஊரும் வீடும் பள்ளியும்தான் தர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இலவசமாகக் கிடைத்த ஊசி பைக்குள்ளேயே கிடக்க, மயங்கிய நிலையில் வரும் பிள்ளைகளை நாங்கள் காண்கிறோம். தோழியர் அறிந்துவிடுவார்களோ என்று மதிய ஊசியைத் தவிர்க்கும் மாணவி; "வெளியே தெரிந்தால் நாளைக்கு வரன் அமையாது" என்று மறைக்கச் சொல்லும் உறவினர்; நாட்டு மருந்தை நம்பி இன்சுலினை நிறுத்தும் குடும்பம். இரத்தத்தில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்து நேர ஓரிரு நாட்கள் போதும். மறைப்பு மானத்தைக் காப்பதில்லை, பிள்ளையைப் பறிக்கிறது.

பொதுத்தேர்வு அறைக்குள் இப்பிள்ளைகள் சிற்றுண்டி எடுத்துச் செல்ல 2017இல் சிபிஎஸ்இ அனுமதி வழங்கியது. ஒரு வாரியம் செய்ததை ஒவ்வொரு வகுப்பறையும் செய்யலாம். பெற்றோரே, வகுப்பாசிரியரிடம் நோயை மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளையின் பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். கைநடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே கொடுக்க வேண்டும் என்பதை உடன் பயிலும் நண்பரும் அறிந்திருக்கட்டும். காய்ச்சலோ வாந்தியோ வந்தால் இன்சுலினை நிறுத்தாமல் எங்களிடம் வாருங்கள். கண்ணாடி அணிவதை நாம் மறைப்பதில்லை. ஊசியும் அப்படியே ஆகட்டும்.